குதிரைக்குச் சுண்ணாம்பு அடித்த கதை

அன்புள்ள குண்டா,

எட்டு மாதமாகப் பதில் போடாதவனுக்கு இப்போது என்ன திடீர் அக்கறை என்று கேட்பாய். முழங்கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறேன், வேறொன்றுமில்லை. தங்கையின் வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. மொட்டை இன்னும் அந்த நூறு ரூபாயைக் கேட்கிறானா?

சனிக்கிழமை இங்கே இங்கிலாந்தில் அஃபிங்டன் என்ற ஊருக்குப் போயிருந்தேன். அங்கே மலைச்சரிவில் ஒரு வெள்ளைக் குதிரை, 110 மீட்டர் நீளம். புல்தரையில் பள்ளம் வெட்டி, சீமைச்சுண்ணாம்பை இடித்து நிரப்பியிருக்கிறார்கள். வயது ஏறக்குறைய 3,000 ஆண்டுகள். என் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு அது பெர்க்‌ஷயர் குதிரை. 1974இல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) எல்லைகளை மாற்றியபோது, ஓர் அடிகூட எடுத்து வைக்காமலேயே அது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயருக்குப் போய்விட்டது. அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட்காரர்கள் குதிரையைப் புதுப்பிக்கத் தொண்டர்களைக் கூப்பிடுவார்கள். சுத்தியலும் ஒரு வாளி சுண்ணாம்புக் கட்டியும் கொடுத்து மண்டியிடச் சொன்னார்கள். களையைப் பிடுங்கிவிட்டுக் கட்டிகளைப் பரப்பி அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க உடைந்து, பொடிந்து, ஈரத்தில் குழைந்து தரையோடு அப்பிக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பாய் அகலம் முடித்தேன். அவ்வளவு கிட்டத்தில் குதிரையே தெரியாது. நான் அடித்தது பின்னங்கால் என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கவனிக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் புல் மூடிவிடுமாம். யோசித்துப் பார். வரைந்தவர்களின் மொழி போயிற்று, தெய்வம் போயிற்று, எதற்கு வரைந்தார்கள் என்பதும் போயிற்று. அது குதிரையே இல்லை, நாய் என்று சாதிப்பவர்களும் உண்டு! ரோமானியர் வந்தார்கள், சாக்ஸன்கள் வந்தார்கள், நார்மன்கள் வந்தார்கள். யாரோ சுரண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானிகளுக்கு அடையாளமாகிவிடக் கூடாதென்று இந்த ஊர்க்காரர்களே மூடிவைத்து, போர் முடிந்ததும் மறுபடி திறந்தார்கள். முன்பெல்லாம் ஊர் கூடிச் சுரண்டுவது ஒரு திருவிழாவாம். மல்யுத்தம், பந்தயம், சரிவில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடுவது. நம் குடிமராமத்தில் இந்தக் கடைசிக் கூத்து மட்டும்தான் இல்லை.

அங்கே மண்டியிட்டிருந்தபோதுதான் உன் ஏரிக்கரை நினைவுக்கு வந்தது. மதகுக்கு யார் பொறுப்பு என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாய். நான் பதில் போடாததற்கு உண்மையான காரணம் அதுதான். லண்டன் பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் என்ன நியாயம் சொல்ல? என் இரு பக்கமும் அடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலித் தகராறில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். நடுவில் என்னை உட்கார வைத்துவிட்டு ஒரே வாளியிலிருந்து கட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

ஜனவரியில் வருகிறேன். கரைக்கும் வருகிறேன், முழங்கால் விட்டால். மண்வெட்டி நீதான் கொடுக்க வேண்டும். பிடி உடைந்த அந்தப் பழையது மட்டும் வேண்டாம்.

உன்,
ஒல்லி