ஒன்லைன்ல பழகிற எல்லாரையும் கள்ளர் ஆக்காதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட வாசகர் பக்கத்தில ஒரு ஐயா எழுதின கடிதம் வாசிச்சனான். போனுக்குள்ள பழக்கமாகிற சிநேகிதம் எல்லாம் ஏமாத்து, முகம் தெரியாத ஆக்களோட பிள்ளையள் கதைக்கிறதை தாய் தேப்பன் உடன நிப்பாட்டோணும், ஏலாட்டி போனைப் பறிச்சு வைக்கோணும் எண்டு எழுதியிருந்தார். அவற்ற பயம் எனக்கு விளங்குது, என்ர வீட்டிலயும் ஏஎல் படிக்கிற பொம்பிளைப் பிள்ளை ஒண்டு இருக்கு. ஆனா அவர் சொல்ற வழி சரிவராது. போனைப் பறிச்சா பிள்ளை வேற ஆற்றயும் போனில ஒளிச்சுக் கதைக்கும், ஏதும் பிழைச்சாலும் வந்து எங்களிட்டச் சொல்லாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு விசயத்தை வச்சே எழுதிறன். நானும் மகளும் ஒரு வாட்சப் குரூப்பில இருக்கிறம், பறவை பாக்கிற ஆக்கள்ட குரூப். முதல் மகள்தான் சேர்ந்தவ, ஆர் இவை எண்டு பாக்கப் போய் நானும் சேர்ந்தனான், இப்ப என்னாலயே விடேலாமல் கிடக்கு. மண்டைதீவில கடற்தொழில் செய்யிற ஒரு அண்ணை இருக்கிறார், சாவகச்சேரிப் பக்கம் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருத்தர், கிளிநொச்சியில கார்மென்ட்ஸில வேலை செய்யிற ஒரு தங்கச்சி, காரைநகரில பிறந்து இப்ப கனடாவில ஸ்காபரோவில நேர்ஸா இருக்கிற ஒரு அக்கா, அனுராதபுரத்தில இருந்து கம்பஸ் படிக்கிற சிங்களப் பெடியன் ஒருத்தன், இப்பிடிக் கனபேர். குரூப்புக்கு வரமுதல் ஆருக்கும் ஆரையும் தெரியாது. ஒருத்தர் போட்ட படத்துக்குக் கீழ இன்னொருத்தர் ஏதோ எழுத, அதுக்கு வேற ஒருத்தர் மறுமொழி போட, அப்பிடியே சேர்ந்த கூட்டம்.

எங்கட யாழ்ப்பாணத்தில இந்தப் பறவையள் எவ்வளவு பெரிய விசயம் எண்டு முதல்ல சொல்லோணும். வருசா வருசம் ஆவணி புரட்டாதி தொடங்க சைபீரியா, மத்திய ஆசியாப் பக்கத்தில இருந்து பறவையள் இறங்கத் தொடங்கும், மத்திய ஆசியப் பறக்கும் பாதை எண்டு சொல்லுவினம், 30 நாட்டுக்கு மேலால போற பாதை அது, தெற்கால அதின்ர கடைசி அந்தத்தில இருக்கிறது நாங்கள். தீவுப்பக்கம் போற பண்ணைப் பாலத்தால ஒவ்வொரு நாளும் எத்தினை ஆயிரம் பேர் மோட்டச்சைக்கிளில போய்வருகினம், ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள நிக்கிறதை எத்தினை பேர் நிண்டு பாத்தவை? அராலிக் கடல்நீரேரி, தொண்டைமானாறு, சரசாலைக் குருவிக்காடு, அங்கால சுண்டிக்குளம், எல்லாம் பறவையள் வந்து நிக்கிற இடம். சுண்டிக்குளத்தை 1938இலயே பறவையள் சரணாலயம் எண்டு அறிவிச்சவை, 2015இல தேசியப் பூங்காவும் ஆக்கியாச்சு, ஆனா என்ர மகளின்ர வகுப்பில அங்க போய்ப் பாத்த பிள்ளையள் விரல் விட்டு எண்ணிற அளவு கூட இல்லை. ரியூசன் விட்டால்தானே போறதுக்கு.

இனி நான் சொல்ல வந்ததுக்கு வாறன். ஒரு ஆளை எப்பிடி அறியிறது? நாங்கள் யாழ்ப்பாணத்தில புது ஆள் ஒருத்தரைக் கண்டா முதல் கேக்கிறது எந்த ஊர், ஊரில எந்தப் பகுதி, கோயிலுக்கு எந்தப் பக்கம், ஆற்ற மகன், தாய் எந்த இடம். இதெல்லாம் சுகம் விசாரிக்கிற கேள்வி இல்லை, அடியில இருக்கிறது சாதி எண்டு கேக்கிறவருக்கும் தெரியும் சொல்றவருக்கும் தெரியும். மறுமொழியைப் பாத்துத்தான் ஆளைக் கதிரையில இருத்துறதா வாசலோட அனுப்புறதா எண்டு முடிவு. அதுக்குப் பிறகு அந்த ஆள் நல்லவரா, பொறுமைசாலியா, சொன்ன சொல்லைக் காப்பாத்திற ஆளா எண்டு ஆரும் பாக்கிறதில்லை, பாக்கத் தேவை இல்லை எண்ட மாதிரி.

எங்கட குரூப்பில இது தலைகீழா நடந்தது. மண்டைதீவு அண்ணை ஒருநாள் விடியக்காத்தால வள்ளத்தில இருந்து ஒரு படம் எடுத்துப் போட்டார், நீளச் சொண்டு, நீளக் கால், வெளிச்சம் காணாது, படமும் ஆடிப்போச்சு. தபால் அதிபர் ஐயா அது பட்டைவால் மூக்கன் எண்டார். கம்பஸ் பெடியன் இல்லை, கருவால் மூக்கன் எண்டான். ரெண்டும் நிண்டால் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும், பறக்கேக்கதான் பிடிபடும், கருவால் மூக்கனுக்கு செட்டையில அகலமா ஒரு வெள்ளைக் கோடு, வால் நுனியில கறுப்பு, மற்றதுக்கு அந்த வெள்ளைக் கோடு இல்லை. அப்ப ஸ்காபரோ அக்கா நைட் டியூட்டி முடிஞ்சு வந்து, அண்ணை அது பறந்த படம் இருக்கோ எண்டு கேட்டா. அண்ணை அடுத்த நாள் அதே இடத்துக்குப் போய், தொழிலுக்குப் போற நேரத்தில மினக்கெட்டு, எழும்பிப் பறக்கிற வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோடு வடிவாத் தெரிஞ்சது. ஐயா உடன எழுதினார், தம்பி சொன்னதுதான் சரி, நான் கால் நீளத்தை வடிவாப் பாக்கேல்லை எண்டு. எழுபது வயசு தாண்டின மனிசன், இருபத்திரண்டு வயசுப் பெடியனுக்கு, அதுவும் எல்லாரும் பாக்க.

அந்த ரெண்டு நாளில எனக்கு அந்த நாலு பேரைப் பற்றியும் விளங்கினது, ஊரில பத்து வருசம் பக்கத்து வளவில இருந்தாலும் விளங்கியிராது. ஆர் அவசரப்படுறது, ஆர் தெரியாததைத் தெரியாது எண்டு சொல்றது, ஆர் மற்ற ஆளின்ர நேரத்தை மதிக்கிறது, ஆர் தோத்தாலும் முகம் சுழிக்காதது. ஒரு வேலையைச் சேர்ந்து செய்யேக்க மனிசரின்ர குணம் மறைக்கேலாமல் வெளியில வரும். அண்ணை எந்தப் பகுதி, ஐயாவின்ர தகப்பன் ஆர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் வரேல்லை. கிளிநொச்சித் தங்கச்சி எழுதினா எழுத்துப்பிழை கனக்க வரும், படிப்பு இடைநடுவில நிண்டது, இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம். ஆனா குரலைக் கேட்டுச் சொல்றதில அவவை ஒருத்தரும் வெல்லேலாது, மெர்லின் எண்ட அப் குரல் கேட்டுப் பேர் சொல்லும்தானே, அது தடுமாறின இடத்தில கூட அவ சொல்லியிருக்கிறா. எங்கட கலியாண வீடுகளில அவவும் நானும் ஒரே மேசையில இருந்து சாப்பிட்டிருப்பமோ தெரியாது.

சிங்களப் பெடியன் தமிழை கூகிளில போட்டுத்தான் வாசிக்கிறான், பதில் இங்கிலீசில, இடைக்கிடை எங்கட ஆக்களிட்டப் பழகின தமிழ்ச் சொல்லும் வரும். பூநாரையின்ர குஞ்சு ஏன் சாம்பல் நிறம், வளர்ந்தது ஏன் றோஸ் எண்டு மகள் கேட்க அவன்தான் விளங்கப்படுத்தினவன், அது தின்னுற பாசியிலயும் சின்னக் கூனியிலயும் இருக்கிற நிறம்தான் செட்டைக்கு வாறதாம், சேர வருசக்கணக்காகுமாம். மகளுக்கு முதல் முதல் அறிமுகமான சிங்கள ஆள் செக்பொயின்றில நிண்ட ஆள் இல்லை, பூநாரையைப் பற்றிச் சொல்லிக்குடுத்த ஒரு பெடியன். என்ர வயசில இருக்கிற யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் எண்டு நான் எழுதித் தெரியோணும் எண்டில்லை.

எல்லாம் தேனும் பாலும் எண்டும் சொல்லேல்லை. ஆள்காட்டி எண்ட பறவை நிலத்திலதான் முட்டை இடும், கூடு எண்டு ஒண்டும் இல்லை, ஒருத்தர் முட்டையின்ர படத்தை இடத்தோட சேர்த்துப் போட்டிட்டார், இடம் தெரிஞ்சா ஆக்கள் போய் மிதிப்பினம் நாய் பின்னால போகும் எண்டு சண்டை வந்து, அவர் கோவிச்சுக்கொண்டு குரூப்பை விட்டே போட்டார். எனக்கு இப்பவும் கவலைதான், நல்ல மனிசன். ஆனா அதுக்குப் பிறகு கூட்டின்ர படம் போடுறேல்லை எண்டு எல்லாருமாச் சேர்ந்து முடிவெடுத்தம், ஒருத்தரும் கட்டளை போடேல்லை.

பயத்தைப் பற்றியும் கதைக்கத்தான் வேணும், அந்த ஐயா சொன்ன கள்ளர் இருக்கினம்தான். வெளிநாட்டில இருந்து உனக்கு பார்சல் அனுப்பியிருக்கிறன், கஸ்டம்ஸில நிக்குது, எடுக்கிறதுக்குக் காசு கட்டு எண்டு சொல்லி எத்தினை குடும்பத்தின்ர காசை அடிச்சுப்போட்டாங்கள். பிள்ளையளிட்டப் படம் கேக்கிறவங்களும் இருக்கிறாங்கள், அப்பிடி ஏதும் நடந்தா தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர 1929க்கு அடிக்கலாம் எண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி வைக்கோணும், அடிச்சா வீட்டில ஏச்சு விழாது எண்டும் சேர்த்துச் சொல்லோணும்.

ஆனா நான் கண்டது ஒண்டு இருக்கு, தாய் தேப்பனுக்குப் பிரியோசனப்படும். பறவைக்கு வந்த ஆள் பறவையைத்தான் கேப்பார். எங்க பாத்தனி, எத்தினை மணிக்கு, தனியவோ கூட்டமாவோ நிண்டது எண்டு. பிழையான நோக்கத்தில வாற ஆள் ரெண்டாம் நாளே பறவையை விட்டிட்டு உங்களைக் கேக்கத் தொடங்குவார், வயசென்ன, வீட்டில ஆர் நிக்கினம், தனியத்தான் படுக்கிறனியோ, குரூப்பில வேண்டாம் இன்பொக்ஸுக்கு வா எண்டு. எங்கட குரூப்புக்கும் அப்பிடி ஒருத்தன் வந்தவன், ஒரு பறவையின்ர பேர் கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாது, பெட்டையளுக்கு மட்டும் தனிய மெசேஜ் போட்டுக்கொண்டு திரிஞ்சவன். மகள்தான் முதல் பிடிச்சவ, என்னட்டக் காட்டினவ, அண்டைக்கே ஆளைத் தூக்கியாச்சு. போனைப் பறிச்சு வச்சிருந்தா அவ எனக்குக் காட்டியிருப்பாவோ? ஆரோட கதைக்கிறாய் எண்டு அதட்டினா பிள்ளை வாயை மூடும், என்னத்தைப் பற்றிக் கதைக்கிறியள் எண்டு கேட்டா மணித்தியாலக் கணக்காச் சொல்லும், அதில இருந்தே எதிராளி எப்பிடிப்பட்டவர் எண்டு தாய்க்கு விளங்கும்.

நேர சந்திக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. நாங்கள் முதல் சந்திச்சது சரசாலையில, பகல் நேரத்தில, கனபேராச் சேர்ந்து, பெடியளையும் பெட்டையளையும் தனிய விடாமல் பெரியாக்களும் போனனாங்கள். குரூப்பில பக்கம் பக்கமா எழுதிற மண்டைதீவு அண்ணை நேர கண்டா ஒரு கதையும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நிண்டார். அரை மணித்தியாலம் எல்லாருக்கும் வெக்கம். பிறகு கண்டல் பத்தைக்குள்ள இருந்து ஒரு குரல் வந்தது, கிளிநொச்சித் தங்கச்சி உஸ் எண்டா, எல்லாரும் ஒரு பக்கம் திரும்பினம், அதோட வெக்கம் போச்சு. தபால் அதிபர் ஐயாவின்ர மனிசி புட்டும் சம்பலும் கட்டிக் குடுத்துவிட்டவ, எல்லாருமா இருந்து சாப்பிட்டம்.

இது ஏதோ போன் வந்தபிறகு கெட்ட காலத்தில வந்த பழக்கமும் இல்லை. பேப்பர்களிலயும் சஞ்சிகைகளிலயும் பேனா நண்பர் பக்கம் வந்த காலம் அந்த ஐயாவுக்கு ஞாபகம் இருக்கும், பேர், வயசு, பொழுதுபோக்கு முத்திரை சேர்த்தல் எண்டு போட்டிருக்கும், அதைப் பாத்துத்தானே கடிதம் எழுதினவை. எங்கட காலத்தில நடந்ததையும் பாருங்கோ. தமிழ் விக்கிப்பீடியா 2003இல தொடங்கேக்க, யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன் ஐயா வளைகுடாவில இருந்துகொண்டு கட்டுரை கட்டுரையா எழுதினவர், பிறகு ஊர் ஊரா, நாடு நாடா ஆக்கள் வந்து சேர்ந்தவை. 2005இல தொடங்கின நூலகம் இணையத்தளமும் அப்பிடித்தான், எங்கட பழைய புத்தகங்களையும் பேப்பர்களையும் ஸ்கான் பண்ணி ஏத்திற வேலை. 1981இல பொது நூலகம் எரிஞ்ச ஊர் இது, தொண்ணூத்தேழாயிரம் புத்தகம் போன ஊர், இருக்கிறதைக் காப்பாத்திற ஆசை எத்தினையோ பேரை ஒண்டாக் கொண்டுவந்து விட்டிருக்கு.

எனக்கு இப்ப குறையாத் தெரியிறது இடம். ஒன்லைன்ல பழகின ஆக்கள் நேர சந்திக்க யாழ்ப்பாணத்தில எங்க போறது? பெடியளெண்டா தேத்தண்ணிக் கடையில நிக்கலாம், சந்தியில நிக்கலாம். பெட்டையள்? ஐஸ்கிறீம் கடைக்குப் போனா அரை மணித்தியாலத்தில எழும்போணும், பார்க்கில இருந்தா ஆரோ ஒரு மாமா வீட்டுக்குப் போன் அடிப்பார். ஒழுங்கான இடம் இல்லாட்டி ஒழுங்கில்லாத இடத்திலதான் சந்திப்பினம், அதுதான் உண்மையான ஆபத்து. பொது நூலகத்துக்குப் பக்கத்தில இந்திய உதவியில கட்டின பண்பாட்டு மையம் அவ்வளவு பெரிசா நிக்குது, அதில ஒரு அறையை மாசத்தில ஒரு சனிக்கிழமை பின்நேரம் இப்பிடியான ஆக்களுக்கு விடலாம்தானே, பறவைக்காரர், முத்திரைக்காரர், பழைய பாட்டு சேர்க்கிறவை, வீட்டுத்தோட்டக்காரர், செஸ் விளையாடுறவை ஆர் எண்டாலும். கதவு திறந்திருக்கட்டும், தாய் தேப்பனும் வந்து இருக்கட்டும். மாநகரசபையில ஆராவது இந்தக் கடிதத்தை வாசிச்சா தயவுசெய்து யோசியுங்கோ.

உங்களிட்டயும் ஒண்டு கேக்கிறன் ஆசிரியர் ஐயா. முந்தின பேனா நண்பர் பக்கம் மாதிரி மாசத்தில அரைப்பக்கம் தாங்கோ, என்ன குரூப், என்ன விருப்பம், எங்க எப்ப சந்திக்கினம், பொறுப்பான பெரியாள் ஆர் எண்டு விசாரிச்சுப் போடுங்கோ. தை மாசம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருது, 1987இல இருந்து ஒவ்வொரு தையும் நடக்கிறது, மாசியில நாலு நாள் உலகம் முழுக்க வீட்டு வளவுப் பறவையளை எண்ணுற நாளும் வருது, அதுக்கு வீட்டு முத்தத்தில பதினைஞ்சு நிமிசம் நிண்டு புலுனியையும் மைனாவையும் எண்ணினாலே காணும், கமராவும் வேண்டாம் பைனாகுலரும் வேண்டாம். முதல் அரைப்பக்கத்தில அதைப் போடுங்கோ, எப்பிடி எண்ணுறது எங்க பதியிறது எண்ட விபரத்தை எங்கட குரூப் ஆக்கள் எழுதித் தருவினம். அந்தக் கடிதம் எழுதின ஐயாவும் பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரலாம், சரசாலைக்கு தையில திரும்பப் போறம்.

இப்படிக்கு,
கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி