ட்ரிபிள் டபுளை மட்டும் எண்ணி ஆல்ரவுண்டரைக் கண்டுபிடிக்க முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவோட பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏ வரலாற்றுலயே பெரிய ஆல்ரவுண்டர் யாருன்னு போன இதழ்ல ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. பாஸ்கெட்பால் பத்தி தமிழ்ல இவ்வளவு விரிவா எழுதுறதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா கடைசியில யாரு எத்தனை ட்ரிபிள் டபுள் (ஒரே மேட்ச்ல ஏதாவது மூணு கணக்குல பத்தோ அதுக்கு மேலயோ எடுக்கறது) போட்டிருக்காங்கன்னு எண்ணி அதை வெச்சே வரிசை போட்டுட்டீங்களே, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல, ரெண்டு நாளா மனசுல அதே ஓடிட்டிருக்கு, அதான் எழுதுறேன்.

பத்துங்கறது பார்க்க அழகா இருக்கற ஒரு நம்பர், அவ்வளவுதான். ஒருத்தர் 10 பாயிண்ட், 10 ரீபவுண்ட் (கூடைக்குள்ள போகாம திரும்பற பந்தைப் பிடிக்கறது), 10 அசிஸ்ட் (பாயிண்ட் ஆகற பாஸ் குடுக்கறது) எடுத்தா கணக்குல ஒண்ணு ஏறும், இன்னொருத்தர் 30 பாயிண்ட், 14 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் எடுத்தா ஒண்ணும் ஏறாது. இதுல யாரு அன்னிக்கு மேட்சை அதிகமா சுமந்தாங்கன்னு ஆட்டம் பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க.

இந்தக் குறையைச் சரி பண்ண ஜான் ஹாலிஞ்சர்னு ஒருத்தர் ஒரு கணக்கு கொண்டுவந்தாரு. ஒரு மேட்சுக்கு சராசரியா எடுத்த பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூணையும் கூட்டாம பெருக்கி அதுக்கு கனமூலம் எடுக்கணும். இதுல நல்ல விஷயம் என்னன்னா 30, 3, 3 எடுக்கறவரும் 12, 12, 12 எடுக்கறவரும் கூட்டினா ரெண்டு பேருமே 36தான், ஆனா பெருக்கி கனமூலம் எடுத்தா முதல் ஆளுக்கு ஆறரைக்குக் கொஞ்சம் கீழ நிக்கும், ரெண்டாவது ஆளுக்கு 12 வரும், அதாவது ஒரே வேலையை மட்டும் நல்லா செய்யறவரை இந்தக் கணக்கு தூக்கிவிடாது. ஆஸ்கர் ராபர்ட்சனோட 1961-62 சீசனை (30.8, 12.5, 11.4) இதுல போட்டுப் பார்த்தேன், 16.4 வருது. ரஸல் வெஸ்ட்புரூக்கோட 2016-17க்கு (31.6, 10.7, 10.4) 15.2. நிகோலா யோகிச்சோட 2024-25க்கு (29.6, 12.7, 10.2) பதினஞ்சரைக்கு மேல. சென்டர் (கூடைக்குப் பக்கத்துல ஆடற, பொதுவா டீம்லயே உயரமான ஆளு) ஒருத்தர் சீசன் முழுக்க ட்ரிபிள் டபுள் சராசரி வெச்சது அதுதான் முதல் தடவை.

அப்ப ராபர்ட்சன்தான் முதல் ஆளான்னா, அங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். 1961-62ல டீமுங்க ஓடி ஓடி ஷாட் அடிப்பாங்க, ஒரு மேட்சுக்கு ஒரு டீம் நூறு ஷாட்டுக்கு மேல அடிக்கும், அதுல பாதிக்கு மேல உள்ள போகாது, போகாத ஒவ்வொண்ணும் யாருக்கோ ஒரு ரீபவுண்ட். அந்த சீசன்ல ஒரு டீமுக்கு ஒரு மேட்சுக்கு சுமார் 71 ரீபவுண்ட் வந்துச்சு, 2016-17ல சுமார் 43தான். ராபர்ட்சனோட 12.5 அந்த 71ல ஆறுல ஒரு பங்கு சொச்சம், வெஸ்ட்புரூக்கோட 10.7 அந்த 43ல கிட்டத்தட்ட கால் பங்கு. அதுவும் ராபர்ட்சன் மேட்சுக்கு 44 நிமிஷம் கோர்ட்ல இருந்தாரு, வெஸ்ட்புரூக் 35 நிமிஷம்கூட இல்ல. ராபர்ட்சனைக் குறைச்சு சொல்லல, 6 அடி 5 அங்குலம் இருக்கற ஒரு கார்டு (கூடையிலேர்ந்து தள்ளி நின்னு ஆடறவர்) அந்தக் காலத்துல அப்படி ஆடினதே பெரிய விஷயம், ஆனா ரெண்டு காலத்து நம்பரையும் அப்படியே பக்கத்துல வெச்சு கூட குறைன்னு சொல்றது தப்பு.

சரி, பங்கு கணக்கு போட்டா போதுமான்னா அதுவும் போதாது. வெஸ்ட்புரூக் அந்த வருஷம் 42 ட்ரிபிள் டபுள் போட்டு ராபர்ட்சனோட 41ஐ முறியடிச்சாரு, சீசனோட சிறந்த வீரருக்கான எம்விபி விருது வாங்கினாரு, ஆனா நிறைய ரீபவுண்டுக்கு சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸ் எதிராளியை முதுகால அடைச்சு நிறுத்திட்டு பந்தை இவருக்கு விட்டுக்கொடுத்தாரு. பந்து நேரா ஆட்டத்தை நடத்தற பாயிண்ட் கார்டு கைக்கு வந்தா உடனே ஓடலாம்ல, டீமுக்கு நல்ல உத்திதான் அது. சும்மா நம்பர் சேர்த்தாருன்னு சிலர் சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன், அந்த 42 மேட்ச்ல அவரோட டீம் ஓக்லஹோமா சிட்டி 33 ஜெயிச்சிருக்கு. ஆனா அந்த ரீபவுண்டுல ஆடம்ஸோட பங்கு எந்தக் கட்டத்துல இருக்கு? 2013-14லேர்ந்து எல்லா என்பிஏ அரங்கத்துலயும் கேமரா வெச்சு, போட்டி போட்டு எடுத்த ரீபவுண்ட் எது, சும்மா கைக்கு வந்தது எதுன்னு பிரிச்சுக் குடுக்கறாங்க, உங்க கட்டுரையில அதைப் பத்தி ஒரு வரி வந்திருக்கலாம்.

எனக்கு நிஜமாவே வருத்தம் டிஃபென்ஸ் விஷயத்துலதான். ட்ரிபிள் டபுளை எண்ணினாலும் சரி ஹாலிஞ்சர் கணக்கு போட்டாலும் சரி, எதிராளியைத் தடுக்கறவருக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்காது. 2017 பிப்ரவரி 10ஆம் தேதி மெம்பிஸ்ல டிரேமண்ட் கிரீன் ஆடின மேட்சைப் பாருங்க. வெறும் 4 பாயிண்ட், ஆனா ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (எதிராளிகிட்டேர்ந்து பந்தைப் பறிக்கறது) மூணுலயும் பத்தைத் தொட்டாரு, அதுக்கு மேல 5 பிளாக் (எதிராளி ஷாட்டைத் தடுத்துத் தட்டிவிடறது). பாயிண்ட்ல பத்து இல்லாம வந்த முதல் ட்ரிபிள் டபுள் அது. ஆனா ஹாலிஞ்சர் கணக்குல அந்த மேட்ச் எட்டைக்கூடத் தொடாது. ஹாலிஞ்சர் அப்ப அதே மெம்பிஸ் டீம் நிர்வாகத்துலதான் இருந்தாரு. அந்த சீசன்ல கிரீன்தான் சிறந்த டிஃபென்ஸ் வீரர், ஸ்டீல்லயும் லீக்ல முதல் ஆளு, ஆனா சீசன் சராசரிக்கு எட்டேகால்தான் வருது, வெஸ்ட்புரூக்ல பாதிக்குக் கொஞ்சம் மேல. சென்டரையும் தடுப்பாரு பாயிண்ட் கார்டையும் தடுப்பாரு, அவரோட டீம் கோல்டன் ஸ்டேட்டோட டிஃபென்ஸே அவரை நம்பித்தான் இருந்துச்சு, அதெல்லாம் எங்க போச்சு?

யூட்டா ஜாஸ்ல ஆடின ஆந்த்ரே கிரிலென்கோவும் இப்படித்தான், அவர் பேரே உங்க பட்டியல்ல இல்ல. பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக்னு அஞ்சு கட்டத்துலயும் ஒரே மேட்ச்ல அஞ்சோ அதுக்கு மேலயோ எடுக்கறது ரொம்ப அபூர்வம், 2003 டிசம்பர்ல ஒரே மாசத்துல ரெண்டு தடவை எடுத்தாரு. ஸ்காட்டி பிப்பன் 1994-95ல சிகாகோ டீமுக்கு இந்த அஞ்சுலயும் முதல் ஆளு. என்னைக் கேட்டா ஆல்ரவுண்டர்னு சொல்ல இதைவிட நல்ல அடையாளம் வேற இல்ல, ஆனா ட்ரிபிள் டபுள் எண்ணிக்கையில பிப்பன் ரொம்ப கீழ இருப்பாரு.

இன்னொண்ணு, எந்த இடத்துல நின்னு ஆடினாருங்கறதும் பாக்ஸ் ஸ்கோர்ல (மேட்ச் முடிஞ்சதும் வர்ற புள்ளிவிவர அட்டவணை) தெரியாது. 1980 ஃபைனல்ஸ் ஆறாவது மேட்சுக்கு லேக்கர்ஸ் டீமோட சென்டர் கரீம் அப்துல் ஜபார் கணுக்கால் அடிபட்டு வரமுடியல, அதே டீம்ல முதல் சீசன் ஆடின 20 வயசு மேஜிக் ஜான்சன், பாயிண்ட் கார்டு அவரு, சென்டரா நின்னு மேட்சை ஆரம்பிச்சாரு. 42 பாயிண்ட், 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், கப் லேக்கர்ஸுக்கு. ஹாலிஞ்சர் கணக்குல இந்த மேட்சும் 16.4, ராபர்ட்சனோட சீசனும் 16.4. இங்க ஒருத்தர் தனக்குப் பழக்கமில்லாத வேலையை ஃபைனல்ஸ்ல செஞ்சிருக்காரு, அது அந்த நம்பர்ல தெரியுதா?

நான் பதினெட்டு வருஷமா லோக்கல் டோர்னமெண்ட்கள்ல டேபிள்ல உக்காந்து ஸ்கோர் ஷீட் எழுதுறவன். நாங்க எழுதுற ஷீட்ல அசிஸ்டுக்குக் கட்டமே கிடையாது, பாயிண்டும் ஃபவுலும்தான். ஒரு கோச் கேட்டாருன்னு தனி நோட்டுல அசிஸ்ட் எழுத ஆரம்பிச்சப்பதான் புரிஞ்சுது, பந்து வாங்கினவர் ரெண்டு தடவை பந்தைத் தரையில தட்டிட்டு ஷாட் போட்டா அது அசிஸ்ட்டா இல்லையான்னு முடிவு பண்றது முழுக்க எழுதறவன் கையில இருக்கு. அந்த நோட்டை வெச்சு யாரையும் யாரோடயும் ஒப்பிட எனக்குத் தைரியம் வராது.

அடுத்த தடவை இப்படிப் பட்டியல் போட்டா ஆடின நிமிஷமும் டீம்ல அவரோட பங்கும் சேர்த்துப் போடுங்க, யார் யாரைத் தடுத்தாருன்னு ஆட்டம் பார்த்து ஒருத்தர் எழுதட்டும். அதோட ஒரு திருத்தம் அவசியம் வேணும். உங்க அட்டவணையில ராபர்ட்சனோட 1961-62 சீசனுக்கு நேர ஸ்டீல், பிளாக் ரெண்டு கட்டத்துலயும் 0ன்னு அச்சாகியிருக்கு, பில் ரஸலுக்கும் அப்படியே. என்பிஏ ஸ்டீலையும் பிளாக்கையும் கணக்கு வைக்க ஆரம்பிச்சதே 1973-74லதான், ரஸல் 1969லயே ரிட்டையர் ஆயிட்டாரு. பிளாக் பண்றதையே ஒரு கலையா ஆக்கின அவரோட ஒரு பிளாக்கூட அதிகாரபூர்வ கணக்குல இல்ல. 1962ல எம்விபி ஓட்டு போட்டது வீரர்களேதான், ராபர்ட்சன் ட்ரிபிள் டபுள் சராசரி வெச்சிருந்த அதே வருஷம் அவங்க ரஸலைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. அதனால அந்தக் கட்டங்கள்ல 0 போடாதீங்க, ஒரு கோடு போட்டு விடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி