பாட்டாவின் பட்டறையிலிருந்து

அன்புள்ள மக்களே,

பாட்டாவின் பதினாறாம் நாள் காரியங்கள் நேற்றோடு முடிந்தன. உனக்கு லீவு கிடைக்காமல் போனதைப் பற்றி இனி வருந்தாதே. பட்டாளத்தில் லீவு கிடைக்காமல் தம் தாயின் சாவுக்கே வர முடியாமல் போனவர் அவர். திருவட்டாறு முக்கில் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸில் சீருடைப் படத்தைப் போட்டு, 'முன்னாள் ராணுவ வீரர்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். தவறில்லை. ஆனால் தொண்ணூறு வயதில் பட்டாளம் இருபத்துநான்கு ஆண்டுகள்தான். மீதியை நீ அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் படைக்குப் போய், ஜபல்பூரில் மோர்ஸ் என்னும் தந்திக் குறி தட்டப் படித்தவர், 1956 நவம்பர் 1-க்குப் பிறகு லீவில் வந்தபோது ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது. "நான் இடம் மாறினதுபோக ஊரும் இடம் மாறிப்போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களைப் பற்றி அவர் பேசியதேயில்லை.

1978-இல் ஓய்வுபெற்று வந்தவர் கையில் எடுத்தது தேன்பெட்டி. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. 1924-இல் தொடங்கிவைத்த தேனீ வளர்ப்பு அதற்குள் நம் பக்கத்து வீடுகளில் வேரூன்றியிருந்தது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பதை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்ந்து தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் துளிர்க்கும் இனிப்பைத்தான் ஈக்கள் எடுக்கின்றன. எந்தப் பெட்டியில் எத்தனை தேனடைச் சட்டம் நிறைந்தது என்று தந்தி வாசகம் போல, வினைச்சொல்லே இல்லாமல், நோட்டில் எழுதிவைப்பார். 1992-இல் அந்த நோட்டு நின்றுபோனது. தென்னிந்தியா முழுவதும் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோயில் புழுக்கள் கூட்டுப்புழுவாகும் முன்பே நீர் கட்டிய பையாகிச் செத்தன. நாற்பது பெட்டிகளும் காலியாயின. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த மாதமே வீட்டுப் பின்புறம் தேங்காய்ச் சிரட்டை அறுக்கும் ஓசை கேட்டது. ஆக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, கரண்டி, பொத்தான், குங்குமச்சிமிழ் என்று செய்து தள்ளினார். விற்கவே மாட்டார்; கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவார், அதில் உன் பாட்டிக்கு எப்போதும் கோபம். (எனக்கும் கொஞ்சம் உண்டு, என் கல்யாணத்துக்குச் செய்த சிமிழைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார்.)

எழுபது தாண்டி, பார்வை மங்கி, நுண்வேலை முடியாமல் போனபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்துவந்தவர் துபாய்க்குப் போய்விட, பேரப்பிள்ளைகள் வயதுள்ள பையன்களிடம் போய், "எனக்குச் சொல்லித் தருவியளா?" என்று கேட்டார். குடம் அடிக்கக் கண் வேண்டாம், காது போதும். ஒரு கையால் குடத்தின் வாயை அடித்து, மறு கைக் காசால் உடலைத் தட்டிப் புலவருக்குப் பின்பாட்டும் பாட அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. மோர்ஸ் தட்டிய விரல் என்பதால் தாளம் தவறவில்லை என்பார் குழுத்தலைவர்; பாட்டாவோ மோர்ஸ் பழக்கத்தால் முதலில் அவசரப்பட்டுத் தாளத்தை முந்தினேன் என்றுதான் சொல்வார். சுடலைமாடன் கோவில் கொடையில் விடியும்வரை அமர்ந்து அடித்துவிட்டு வந்து, கட்டஞ்சாயா குடித்துத் தூங்குவார்.

பட்டறையை நேற்று ஒதுக்கினேன். உனக்கென்று செய்யத் தொடங்கி நிறுத்திய சிரட்டைக் கரண்டி ஒன்று கிடைத்தது. பிடி பொருத்தியாயிற்று, விளிம்பு மட்டும் சொரசொரப்பாக இருக்கிறது. ஆசாரியிடம் கொடுத்து உப்புத்தாள் போட்டு அனுப்பவா, அவர் விட்டது விட்டபடியே அனுப்பவா என்று எழுது.

அன்புடன்,
அம்மா