செல் துண்டு வளராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் விசுவமடுவில் கச்சான் (நிலக்கடலை) செய்கிறவள். வயது 52. எனக்கு வந்த மார்பகப் புற்றுநோய் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்ட கதை இது. எங்கள் பகுதியில், போரில் வெடித்த செல் குண்டின் துண்டு உடம்புக்குள் இருக்க வாழும் பெண்கள் பலர். எனக்கும் ஒன்று இருந்தது. 2009 பங்குனியில் மாத்தளனில் இடது மார்பின் மேற்புறம், கமக்கட்டுப் பக்கமாக ஏறியது. வெளிக்காயத்தைத் தைத்துவிட்டார்கள். உள்ளே கிடந்ததை எடுக்க அன்று வசதியும் இல்லை, நேரமும் இல்லை. மாரி பிறந்தால் அந்த இடம் உளையும். அதற்கு நான் பழகிப் போயிருந்தேன்.

2023 தையில் கச்சான் பிடுங்கிவிட்டு வந்து கிணற்றடியில் குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். நோவில்லை. துண்டுதான் இடம் மாறி வந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆனியில் ஓரிடத்தில் காட்டினேன். பழைய காயம் இருக்கிறது என்று சொன்னதுமே, "அதுவாகத்தான் இருக்கும்" என்று நோவுக்குக் குளிசை எழுதித் தந்தார்கள். நோவே இல்லாத கட்டிக்கு நோக்குளிசை! ஒருவரும் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்த்திகையில் மகளுடைய பிள்ளையை நிறுக்க எங்கள் குடும்பநல மாது வீட்டுக்கு வந்திருந்தார். வெட்கத்தை விட்டு அவரிடம் சொன்னேன். அறைக்குள் கூட்டிப் போய், கைகளை உயர்த்தச் சொல்லி, இரண்டு பக்கமும் விரல்களால் அமத்திப் பார்த்தார். "அம்மா, செல் துண்டு வளராது" என்றார். கதவோரம் நின்றபடியே கடிதம் எழுதித் தந்து, அடுத்த நாளே போகச் சொன்னார். நான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன் என்றால் அந்தக் குடும்பநல மாதுவால்தான்.

வைத்தியசாலையில் மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். செல் துண்டு பளிச்சென்ற வெள்ளைப் பொட்டாக ஒரு பக்கம். கட்டி, முள்முள்ளாக விளிம்பு கலைந்து, அதற்குக் கீழே. இரண்டுக்கும் இடையில் இரண்டு விரற்கடை தூரம்தான். பத்து மாதமாக நான் ஒன்றை மற்றதென்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுக்க வேண்டும் என்றார்கள். "குத்தினால் பரவிவிடும், விடாதே" என்று சொந்தக்காரர் இரண்டு பேர் தொலைபேசியில் தடுத்தார்கள். இந்தப் பேச்சால் எத்தனை பேர் வீட்டோடு இருந்துவிட்டார்களோ! விறைப்பூசி போட்டு, நூல் துண்டுபோல நாலைந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். என்ன வகைப் புற்றுநோய், எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் அந்தச் சதையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டு வழி சொன்னார். கட்டியையும் சுற்றியுள்ள சதையையும் மட்டும் எடுக்கலாம், ஆனால் பின்னர் வாரக்கணக்கில் கதிர்ச்சிகிச்சைக்கு நாளாந்தம் வரவேண்டும். அல்லது மார்பகத்தை முழுதாக எடுக்கலாம். தோட்டத்தையும் மாடுகளையும் விட்டுவிட்டு அத்தனை வாரம் நான் எங்கே தங்குவது? முழுதாக எடுக்கச் சொன்னேன். கமக்கட்டு நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) எடுத்தார்கள். செல் துண்டும் அதோடு போய்விட்டது.

வீட்டுக்கு வரும்போது காயத்திலிருந்து ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு போத்தலும். தங்கை பழைய சேலையில் பை தைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஒவ்வொரு காலையும் எத்தனை மில்லிலீற்றர் என்று கொப்பியில் எழுதினேன். கை விறைக்காமல் இருக்கச் சுவரில் விரல்களால் ஏறச் சொன்னார்கள். பூசாத வீட்டுத்திட்டச் சுவரில் எட்டிய இடத்தில் கரியால் கோடு போட்டு வந்தேன். முதற்கோடு தோளுக்கும் கீழே. இப்போது கதவு நிலைக்கு மேலே எட்டுகிறது.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய மாதங்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. தெல்லிப்பழையில் ஏற்றினார்கள். அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் தெற்கிலுள்ள தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கிலுள்ள பருத்தித்துறைவரை நடந்தவர்கள் சேர்த்த பணத்தில் எழுந்தது. அவர்கள் நடந்தபோது நாங்கள் மீளக்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். சிங்களவரும் தமிழரும் போட்ட காசில் எனக்கு மருந்து ஏறியது என்பதை நன்றியோடு பதிகிறேன். இன்னும் தினமும் ஒரு ஹோர்மோன் குளிசை. ஐந்து வருடம் எடுக்க வேண்டுமாம்.

சுகாதார அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இது. நோயை முன்கூட்டியே கண்டறியப் பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு 35 வயதிலும் 45 வயதிலும் உள்ளவர்களைத்தான் முக்கியமாக அழைக்கிறார்கள். எனக்கு 35 ஆனது போர் உச்சத்தில் இருந்தபோது. வன்னியில் என் வயதுப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான் தவறியது. எங்களைப் பிந்தியாவது அழையுங்கள். காயப்பட்டவர்களைத் தனியாகப் பதிந்து கூப்பிடுங்கள். கச்சான் பிடுங்கும் நாட்களில் கிளினிக் வைத்தால் கூலிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். வைத்தியர்களே, காயத்தழும்பைக் கண்டதும் முடிவு சொல்லிவிடாமல் தொட்டுப் பாருங்கள்.

எந்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கூப்பிட்டாலும் வந்து பேசுவேன். பெண்கள் மட்டும் இருக்கும் இடமென்றால் தழும்பையும் காட்டுவேன். மாசிக்குப் பிறகு கூப்பிட்டால் வசதி, அதுவரை தோட்டத்தில் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
கச்சான் செய்கையாளர் ஒருவர்,
விசுவமடு.