7.62 என்றால் எந்த 7.62?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணுவத்தின் புதிய துப்பாக்கிகளைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியிட்ட கட்டுரையைக் குலசேகரத்தில் ஒரு டீக்கடையில் வைத்துப் படித்தேன். நானாகப் படிக்கவில்லை, படிக்க வைத்தார்கள். "பட்டாளத்து அண்ணாச்சி, இது சரிதானா?" என்று பேப்பரைக் கையில் திணித்தவர், எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். முதலில் கண்ணில் பட்டது படம். கீழே ஏகே 203 என்று போட்டிருந்தீர்கள். படத்தில் இருந்தது ராணுவத்தின் பழைய துப்பாக்கியான எஸ்எல்ஆர். பத்து வருடத்துக்கு மேல் என் தோளில் தொங்கிய சாமான், எனக்கு அடையாளம் தெரியாதா? சரி, படம் மாறிப்போவது சகஜம், அதை விடுங்கள்.

5.56 மில்லிமீட்டரை விட 7.62 மில்லிமீட்டர் பெரியது, ஆகவே சக்தி வாய்ந்தது, புதிய துப்பாக்கிகளான சிக் 716-ம் ஏகே 203-ம் ஒரே ரகத் தோட்டா என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. இரண்டும் 7.62 தான். ஆனால் ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட்டால் வேலை செய்யாது. 7.62 என்பது குழலின் உள் அகலம் மட்டுமே. குண்டுக்குப் பின்னால் மருந்து அடைத்த கூடு சிக்கில் 51 மில்லிமீட்டர் நீளம், ஏகேயில் 39. அதனால்தான் 7.62×51, 7.62×39 என்று பிரித்து எழுதுவார்கள். முன்னது ஒன்பதரை கிராம் குண்டை நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் தள்ளும். பின்னது எட்டு கிராம் குண்டைச் சுமார் 715 மீட்டரில்தான் தள்ளும். ஒரே அளவு சட்டை என்பதற்காக இரண்டு பேரும் ஒரே பலசாலி ஆகிவிடுவார்களா?

நான் 1986-இல் நீலகிரி வெலிங்டனில் ரெக்ரூட்டாகச் சேர்ந்தவன். எஸ்எல்ஆரும் 51 மில்லிமீட்டர் கூடுதான். முதல் நாள் ரேஞ்சில் படுத்துச் சுட்டதில் வலது தோள் கருநீலமாகிவிட்டது. மறுநாள் சட்டைக்குள் தோர்த்தை மடித்து வைத்துக்கொண்டு போனேன். பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் கண்டுபிடித்து உருவியெடுத்து, அதையே தலையில் கட்டச் சொல்லி மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டார். ஆனால் 300 மீட்டரில் பலகையில் பட்டால் அந்தத் துப்பாக்கியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்காது.

அப்புறம் எஸ்எல்ஆருக்குப் பதிலாக இன்சாஸ் துப்பாக்கி கைக்கு வந்தது, 5.56. முதல் ரவுண்டு சுட்டதும் ‘இவ்வளவுதானா?’ என்று பக்கத்தில் படுத்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தேன். குண்டு வெறும் நாலு கிராம். அதன் அருமை ரேஞ்சில் தெரியவில்லை, மலை ஏறும்போதுதான் தெரிந்தது. வீட்டில் பத்து ரூபாய் நாணயம் இருந்தால் மூன்றை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். எஸ்எல்ஆரின் ஒரு தோட்டா ஏறக்குறைய அந்தக் கனம். 5.56 அதில் பாதி. நூறு தோட்டாவுக்கு ஒன்றேகால் கிலோ மிச்சம். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் ஒன்றேகால் கிலோ ஒன்றுமில்லைதான். காஷ்மீர் பனியில் முழங்கால் புதையப் புதைய ஏறுகிறவனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வான். அதே காஷ்மீரில் கீழே ஆப்பிள் தோட்டத்திலும் வீட்டு முற்றத்திலும் தேடுதல் என்றால், எங்களில் பாதிப் பேர் ஏகேயைத்தான் கேட்டு வாங்குவோம். அங்கே முப்பது நாற்பது மீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். 500 மீட்டர் போகிற குண்டை வைத்து என்ன செய்ய?

அமெரிக்க ராணுவம் 2022-இல் 5.56-ஐ விட்டு 6.8-க்குப் போக முடிவெடுத்ததையும் எழுதியிருந்தீர்கள். அதன் விலையையும் சேர்த்து எழுதியிருக்கலாம். முன்பு 210 தோட்டா கொண்டுபோன சிப்பாய் இனி 140 தான் கொண்டுபோவார். சண்டை நடுவில் மேகசின் (துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டி) காலியாகிற சத்தத்தைக் கேட்டவன் எவனும் அந்த 70-ஐச் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டான்.

தொலைதூரச் சுடுதல் வேறு சங்கதி. அங்கே எதிரி காற்றுதான். ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது இன்றைக்கும் என்னையறியாமல் காற்றுக்கு எவ்வளவு தள்ளிக் குறி வைக்கலாம் என்று மனதுக்குள் கணக்கு ஓடும். பக்கத்து சீட்டில் இருக்கும் வீட்டுக்காரிக்கு இது தெரியாது. 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் தோட்டாவின் குண்டு 7.62-ஐ விடச் சிறியது. ஆனால் ஒல்லியாக, நீளமாக இருப்பதால் காற்றை அறுத்துக்கொண்டு போகும். ஆயிரம் மீட்டரில் 7.62×51 தள்ளாடும்போது அது நேராக நிற்கும். பெரிய எண்தான் பெரிய துப்பாக்கி என்ற கணக்கு அங்கேயே உடைகிறது.

வேட்டைத் துப்பாக்கியில் இன்னும் வேடிக்கை. 12 போர் என்றால், குழலுக்குள் சரியாக அடங்கும் ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று அர்த்தம். ஆகவே 16 போர் என்பது 12-ஐ விடச் சிறிய குழல்.

கட்டுரையின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். காட்டுப்பன்றி சுட வனத்துறைக்கும் விவசாயிக்கும் இதே 7.62-ஐக் கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். என்னுடைய 30 சென்ட் மரச்சீனிக் கிழங்கைப் போன மாதம் ஒரே ராத்திரியில் பன்றி உழுதுபோட்டது, அதனால் பன்றிக்காகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு சொன்னதும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் வெட்டவெளி எங்கே இருக்கிறது? என் நிலத்துக்கு வடக்கே அறுபது மீட்டரில் ஒரு வீடு, கிழக்கே ரப்பர், அதைத் தாண்டி ஒரு சர்ச். 7.62×51 குண்டு பன்றியைத் துளைத்த பிறகும் போய்க்கொண்டே இருக்கும். குறி தப்பினால் மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். பயிற்சி பெற்ற ஆள், பரணில் இருந்து கீழ்நோக்கி, 12 போரில், நாற்பது மீட்டருக்குள் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். எங்கள் பக்கத்துக்கு அதுதான் சரிப்படும்.

இவ்வளவையும் டீ ஆறுகிற வரைக்கும் அந்தப் பால்வெட்டுகிற தம்பியிடம் சொன்னேன். பன்றி கிழங்கு தோண்டுகிற அதே விடியற்காலையில்தான் அவரும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாலு மணிக்கு நான் தோட்டத்துல நிக்கும்போது எவனும் எதையும் சுடாம இருந்தா போதும் அண்ணாச்சி" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.