டி.சி. கொடுக்கப் போவதில்லை: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடும்படி உங்களில் பதினொரு பேர் கையெழுத்திட்ட மனு என் மேசையில் இருக்கிறது. அவன் வீசிய ஜாமெட்ரி பெட்டி பட்டு இன்னொரு பிள்ளையின் நெற்றியில் மூன்று தையல். அந்தப் பிள்ளையின் அப்பா என் அறைக்கு வந்து சத்தம் போட்டார். என் மகனுக்கு நேர்ந்திருந்தால் நானும் போட்டிருப்பேன்.

ஆனாலும் டி.சி. கொடுக்கப் போவதில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அப்படி ஒரு சட்டம் இல்லாதிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். காரணத்தை, அவனுடைய அம்மாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

வகுப்பாசிரியை ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று வாரம் ஒன்றை மட்டும் குறித்துவந்தார்: அவன் கத்துவதற்கும் எறிவதற்கும் சற்று முன்பு என்ன நடந்தது? சேட்டையை எல்லாரும் எழுதிவைப்போம். அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை யாரும் எழுதுவதில்லை. நோட்டைப் புரட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பெரும்பாலும் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன பாடவேளைகள். திக்கித் திக்கி வாசிப்பான், பின் பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள், கைக்கு எட்டியது பறக்கும். இரண்டு ஆண்டுகளாக இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் திமிர். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிய பிறகுதான் தெரிந்தது, கவனம் நிலைக்காத மிகைச் செயல்பாட்டுக் குறைபாடும் வாசிப்புச் சிரமமும் அவனுக்குச் சேர்ந்தே இருக்கின்றன என்று.

இப்போது அவன் வாசிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே கொடுத்துவிடுகிறோம். கதவோரம் முதல் பெஞ்சில் உட்காருகிறான். படபடப்பு வந்தால் பேனா மூடியை மேசை ஓரத்தில் நிறுத்திவைப்பான். ஆசிரியை தலையசைத்ததும் வெளியே போய் வேப்பங்கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவான். கன்று அழுகிவிடும் போலிருக்கிறது என்று காவலாளி முறையிடுகிறார். வேறு இரண்டு பேரும் மூடியை நிறுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவனுக்குப் படபடப்பு ஒன்றும் இல்லை, கணக்குப் பாடம்தான் காரணம்.

செய்ததை அப்படியே விட்டுவிடவில்லை. அடிபட்டவனின் வீட்டுக்கு அம்மாவோடு போய் மன்னிப்புக் கேட்டான். தையல் பிரிக்கும்வரை விடுபட்ட பாடங்களுக்கு நோட்டுகளை வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் அட்டை போட்டுத் தந்தான்.

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று சொல்லும் பெற்றோர் இன்றும் இருக்கிறீர்கள். அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் பிரம்பு வைத்திருந்தேன். அதற்குப் பயந்து பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளின் பெயர்கள் நினைவிருக்கின்றன. பிரம்பால் வாசிக்கக் கற்றுக்கொண்டவன் ஒருவனும் நினைவில் இல்லை.

மனுவில் யாரும் குறிப்பிடாத பிள்ளைகளைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை. பெட்டியை எறிபவன் எல்லார் கண்ணிலும் படுகிறான். திங்கள்தோறும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்பவளும், மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மூடிவைப்பவளும் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. 'அமைதியான பிள்ளை' என்று தேர்ச்சி அட்டையில் எழுதி நாங்களே பாராட்டியிருக்கிறோம். உங்கள் பிள்ளையின் தூக்கமோ பசியோ விளையாட்டோ இரண்டு வாரமாக மாறியிருந்தால் வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன பேசுமோ என்று தயங்கினால், முதலில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் பேசிப் பாருங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

வீட்டில் "அவனோடு சேராதே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மறுநாள் காலையே அந்தச் சொல் அவன் காதுக்குப் போய்விடுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளியில் கூடிப் பேசுவோம். அன்று கூலி போய்விடும் என்பவர்களுக்காக ஞாயிறு காலை பத்து மணிக்கும் நானும் வகுப்பாசிரியையும் இருப்போம். மனுவில் கையெழுத்திட்ட பதினொரு பேரும் அவசியம் வாருங்கள், கோபத்தோடு வந்தாலும் சரி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்