கொச்சியில இருந்து போனவங்க என்ன ஆனாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கொச்சி மட்டாஞ்சேரியில யூதங்க வாழ்ந்த ஜூ டவுன் பத்தி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்துச்சு. 1568ல கட்டின பரதேசி சினகாக்குங்கிற யூதக் கோயில், தரையில பதிச்சிருக்கிற சீனத்து நீலக் கல்லு, மசாலாக் கடைங்க, பூட்டிக் கிடக்கிற வீடுங்கன்னு போட்டோவோட நல்லாவே எழுதியிருந்தாங்க. ஆனா கடைசியில எல்லாரும் போயிட்டாங்க, இப்ப யாரும் இல்லன்னு சொல்லி முடிச்சிட்டீங்க. போனவங்க எங்க போனாங்க, போன இடத்துல எப்படி இருக்காங்கன்னு ஒரு வரி கூட இல்ல. நான் அந்தப் போனவங்க வீடு ஒண்ணுல அஞ்சு வருஷம் இருந்தவ, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், முடிஞ்சா வெட்டாமப் போடுங்க.

எனக்கு மார்த்தாண்டம் பக்கம். நர்சிங் படிச்சிட்டு 2012ல ஹோம் நர்ஸ் வேலைக்கு இஸ்ரேல் போனேன், ஏஜென்ட்டுக்குக் கட்டின காசை அடைக்கவே ரெண்டு வருஷம் ஓடிருச்சு. முதல்ல டெல் அவீவ் பக்கம் ஒரு வீடு, அது சரிப்பட்டு வரல, 2013ல தெக்க பாலைவனத்துல நெவாதிம்ங்கிற ஊருக்கு மாத்தி விட்டாங்க. பைபிள்ல பெயெர்செபான்னு வருமே, ஆபிரகாம் கிணறு தோண்டின ஊரு, அங்கேர்ந்து கொஞ்ச தூரம்தான். நான் பயந்துகிட்டே பையோட போயி நிக்கிறேன், கதவைத் திறந்த பாட்டி என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு "மோள்க்கு மலையாளம் அறியாமோ"ன்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிருச்சு. எங்க பக்கம் பாதிப் பேருக்கு மலையாளம் வரும். அன்னைக்கு ராத்திரி சோறும் மீன் கறியும், அதுல கறிவேப்பிலை, வீட்டுப் பின்னாடியே செடி வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் அவங்க எனக்கு அம்மச்சி.

அம்மச்சிக்கு சொந்த ஊர் எர்ணாகுளம். 1954ல பதினாறு வயசுல குடும்பத்தோட பம்பாய் வந்து அங்கேர்ந்து பிளேன் ஏறியிருக்காங்க. அதை ஒட்டின ரெண்டு மூணு வருஷத்துல கொச்சி, பரவூர், சேந்தமங்கலம், மாளன்னு 2,000 பேருக்கு மேல கிளம்பிட்டாங்க. இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், அவங்களை யாரும் விரட்டல. ஐரோப்பாவுல யூதங்க பட்ட பாடு எதுவும் கொச்சி ராஜாங்க கையில அவங்க பட்டதில்ல, கொச்சி ராஜா அரண்மனையை ஒட்டியே பள்ளி கட்டிக்க இடம் கொடுத்திருக்காரு (சினகாக்கை அவங்க பள்ளின்னுதான் சொல்வாங்க). சுமார் 1000ஆம் வருஷம் சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான்ங்கிறவருக்குக் கொடுத்த செப்பேடு இன்னும் இருக்கு, பகல் விளக்கு, பல்லக்கு, குடைன்னு பெரிய மனுஷங்களுக்கு இருக்கிற உரிமை எல்லாம் குடுத்திருக்காரு, அது எழுதியிருக்கிறது வட்டெழுத்துல, நம்ம பழைய எழுத்து. அப்படி மரியாதையா வச்சிருந்த ஊரை விட்டுட்டு ஏன் போனீங்கன்னு நானே கேட்டிருக்கேன். அம்மச்சி சொன்னது இதுதான்: "கொச்சி பெத்த அம்மா மாதிரி, ஒரு குறையும் இல்ல. ஆனா தினமும் மூணு வேளை எருசலேம் எருசலேம்னு சொல்லிட்டு, வழி திறந்தப்புறம் போகாம இருந்தா சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும்ல."

போறதும் லேசா நடக்கல. கேரளாக்காரங்க வந்தா யானைக்கால் வியாதி பரவிடும்னு இஸ்ரேல் சுகாதாரத் துறை பயந்து சில வருஷம் இழுத்தடிச்சிருக்காங்க. வீட்டு சாமானை எல்லாம் வித்துட்டுக் காத்துக் கிடந்த குடும்பங்க உண்டு. போயி இறங்கினா நெவாதிம்ல ஒண்ணும் இல்ல, முதல்ல அங்க இருந்தவங்களே தாங்காம விட்டுட்டுப் போன இடம் அது. காயலும் தென்னையும் பாத்து வளந்தவங்க, வியாபாரம் மட்டும் தெரிஞ்சவங்க, அவங்க கையில மண்வெட்டியக் குடுத்து இந்தா விவசாயம் பண்ணுன்னு சொன்னா எப்படி இருக்கும். அரிசி கிடைக்கல. பைபிள்ல அத்தனை தடவை வர்ற ஒலிவக்காயை முதல் தடவை வாயில போட்டுட்டு கெட்டுப்போச்சுன்னு துப்பினாங்களாம். அம்மா ஆறு மாசம் ராத்திரி ராத்திரி அழுதாங்கன்னு அம்மச்சி சொல்வாங்க. அதே ஜனங்கதான் பின்னாடி கண்ணாடிக் கூடாரம் போட்டு சொட்டு நீர்ல பூ வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினவங்க. அவங்கள்ல ஒருத்தர் எலியாஹு பெசலேல், சேந்தமங்கலத்துக்காரர், அவருக்கு நம்ம இந்திய அரசே வெளிநாடு வாழ் இந்தியர்களுக்குக் குடுக்கிற பிரவாசி பாரதீய சம்மான் விருதைக் குடுத்துச்சு.

ஆனா நான் எழுத வந்தது சாதனைக் கதை இல்ல. அந்த ஊருக்கு வந்து அறுபது வருஷம் ஆனப்புறமும் அம்மச்சி சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நன்றி சொன்னாங்க பாருங்க, அதை நேர்ல பாத்தேன், அதை யாருக்காவது சொல்லணும்.

பஸ் போர்டைச் சொல்றேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக பெயெர்செபாவுக்கு பஸ்ல போவோம். ஸ்டாப்புல உக்காந்து எதிர்ல தெரியிற எபிரெய எழுத்தெல்லாம் சத்தமா படிப்பாங்க, பேங்க், மருந்துக்கடை, செருப்புக்கடை, நம்பர் பிளேட்டைத் தவிர எல்லாம். பண்டிகை சமயத்துல பஸ் நெத்தியில ஊர் பேரோட சேத்து பண்டிகை வாழ்த்தும் மாறி மாறி ஓடும், அதைப் பாத்தா பஸ்ஸுக்கே பதில் வாழ்த்து சொல்வாங்க. முதல்ல எனக்குப் புரியல, வயசானவங்க ஏதோ பண்றாங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் சொன்னாங்க, எர்ணாகுளத்துல அந்த எழுத்து ஜெபப் புஸ்தகத்துல மட்டும்தான் இருக்கும், புஸ்தகம் கிழிஞ்சு போனா கூட தூக்கிப் போட மாட்டாங்க, மனுஷனைப் புதைக்கிற மாதிரி மண்ணுல புதைப்பாங்க. நாம புக்கு கால்ல பட்டா தொட்டு கண்ணுல ஒத்திக்கிறோம்ல, அந்த மாதிரி. அப்படி வளந்த பொண்ணு இங்க வந்தா அதே எழுத்து உப்பு பாக்கெட்டுல இருக்கு, சோப்புல இருக்கு, மீன் மடிச்சுக் குடுக்கிற பேப்பர்ல இருக்கு. வந்த புதுசுல அம்மச்சியோட அம்மா மீன் பேப்பரை எல்லாம் கழுவிக் காயவச்சு அடுக்கி வச்சாங்களாம், எப்படித் தூக்கிப் போடறதுன்னு தெரியாம.

அப்புறம் திசை. கேரளாவுல பள்ளிங்க எல்லாம் மேற்கு பாத்துதான் இருக்கும், எருசலேம் கடலுக்கு அந்தப் பக்கம் மேற்கேன்னு. நெவாதிம் வந்த மறுநாள் காலைல அம்மச்சியோட அப்பா பழக்கத்துல மேற்கு பாத்து ஜெபிக்க நின்னுருக்காரு. பக்கத்துல இருந்த ஒருத்தர் தோளைப் பிடிச்சு வடக்க திருப்பி விட்டு, இங்கேர்ந்து எருசலேம் வடக்க, பஸ் போகுதுன்னு சொல்லியிருக்காரு. அந்த மனுஷன் ஜெபம் பண்ணாம அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டாராம்.

பழத்தைப் பத்தியும் சொல்லணும். வாசல்ல ஒரு மாதுளை மரம். நம்ம பைபிள்ல உபாகமத்துல வருமே, கோதுமையும் வாற்கோதுமையும் திராட்சையும் அத்தியும் மாதுளையும்னு, அந்த மாதுளை. யூதங்க பழம் சாப்பிட்டு முடிச்சதும் ஒரு ஜெபம் சொல்வாங்க, தேசத்துக்காகவும் பழங்களுக்காகவும் நன்றின்னு வரும். வேற நாட்டுல விளைஞ்ச பழம்னா வெறும் "பழங்கள்", இஸ்ரேல் மண்ணுல விளைஞ்சதுன்னா "அதன் பழங்கள்"னு ஒரே ஒரு சொல்லு மாறும். அம்மச்சி நாற்காலியில உக்காந்து முத்து முத்தா உதிர்த்துத் தின்னுட்டு, விரலைத் துடைச்சிட்டு, மெதுவா முணுமுணுத்துகிட்டே வந்து அந்த ஒரு சொல்லு வர்றப்ப மட்டும் குரலை ஏத்துவாங்க. பதினாறு வயசு வரைக்கும் சொல்ல முடியாத சொல்லு அதுன்னு சொல்வாங்க. நான் அஞ்சு வருஷம் கேட்டிருக்கேன், ஒரு தடவை கூட அவசரமாச் சொன்னதில்ல.

இதெல்லாத்தையும் விட மழைதான் எனக்கு மறக்கவே மறக்காது. அக்டோபர் மாசம் கூடாரப் பண்டிகை முடியிறப்ப யூதங்க உலகத்துல எந்த மூலையில இருந்தாலும் மழைக்காக ஜெபம் பண்ணுவாங்க, ஏன்னா இஸ்ரேல்ல அப்பதான் மழைக்காலம் தொடங்கும். கொச்சியில அந்த சமயம் என்ன நிலவரம்? துலா மழை, நம்ம ஐப்பசி அடைமழைதான், இடி இடிச்சு ஓட்டுல கொட்டும். அந்த மழைக்குள்ள குடை பிடிச்சு பள்ளிக்குப் போயி, நனைஞ்ச முண்டோட நின்னு, ஆண்டவரே மழையைத் தாருன்னு ஜெபிச்சிருக்காங்க, பல நூறு வருஷமா, பாத்தே இராத ஒரு ஊரோட வயலுக்காக. சின்னப் பிள்ளையில அம்மச்சி அப்பாகிட்ட கேப்பாங்களாம், இன்னும் எதுக்கு மழைன்னு. நமக்கில்ல மோளே, அங்கன்னு சொல்வாராம்.

நெவாதிம்ல வருஷம் முழுக்க பெய்யிறதே ரொம்பக் கொஞ்சம், பெயெர்செபா பக்கம் சுமார் 200 மில்லிமீட்டர்தான் கணக்கு, மே மாசத்துல இருந்து வானம் அப்படியே வெள்ளையாக் கிடக்கும், எல்லாத்து மேலயும் தூசி. நான் போன முதல் வருஷம் ஒரு சாயங்காலம் மண் வாசனை வந்துச்சு, நான் துணி எடுக்க ஓடுறேன், அம்மச்சி வாக்கரைப் பிடிச்சுகிட்டு வாசலுக்குப் போறாங்க. விழுந்துருவாங்கன்னு நான் கத்துறேன், அவங்க காதுல போட்டுக்கல, மாதுளை மரத்தடியில போயி நின்னு கையை நீட்டி வச்சிகிட்டாங்க. முதல் மழைக்கு அங்க யோரேன்னு பேரு. எங்க சர்ச்சுல சின்ன வயசுல இருந்து முன்மாரி பின்மாரின்னு வாசிச்சுக் கேட்டிருக்கேன், பழைய பைபிள் வார்த்தைன்னு விட்டுட்டேன், அது என்னன்னு அன்னைக்குத்தான் என் கண்ணால பாத்தேன். அஞ்சு நிமிஷம் கூடப் பெய்யல. அம்மச்சி கையில விழுந்த தண்ணிய முகத்துல தடவிகிட்டு "அப்பா, வந்நு"ன்னு மலையாளத்துல சொன்னாங்க. அவங்க அப்பா இறந்து அப்ப முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

இது கொச்சிக்காரங்களுக்கு மட்டும் உள்ளதுன்னு நினைச்சிராதீங்க. பெயெர்செபா கிளினிக்ல என்கூட நல்லாப் பழகின ஒரு எத்தியோப்பியப் பொண்ணு இருந்தா. 1991 மே மாசம் 36 மணி நேரத்துக்குள்ள 14,000 பேருக்கு மேல பிளேன்ல கொண்டுவந்தாங்களே, அதுல குழந்தையா வந்தவ. அதுக்கு முன்னாடி சூடான் வழியா நடந்து வந்தவங்கள்ல ஆயிரக்கணக்கான பேர் வழியிலேயே செத்துப் போயிட்டாங்க. அவங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு நாள் மலை ஏறி எருசலேமை நினைச்சு ஜெபிப்பாங்களாம், சிக்த்னு பேரு, இப்ப அது 2008ல இருந்து இஸ்ரேலோட அரசு பண்டிகை. நம்ம பாட்டி கும்பிட்டது பிள்ளைங்க ஸ்கூல் காலண்டர்ல இருக்குன்னு அவ சொல்றப்ப முகத்தைப் பாக்கணும். நமக்கு பொங்கலுக்கு லீவுங்கிறது யோசிக்கவே தோணாத விஷயம், அவங்களுக்கு அப்படி இல்ல. அதே பொண்ணு 2015ல போலீஸ் அடிச்சதை எதிர்த்து எத்தியோப்பியக்காரங்க டெல் அவீவ்ல ரோட்டுல இறங்கினப்ப லீவு போட்டுட்டுப் போனா. நிறத்தை வச்சு ஒதுக்குறது அங்கயும் உண்டு, கொச்சிக்காரங்களும் அதைப் பட்டிருக்காங்க. நன்றி சொல்றாங்கங்கிறதுக்காக எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

இன்னொண்ணும் சொல்லாம விட்டா எனக்கு மனசு ஒப்பாது. அதே மண்ணுல வேற ஜனங்களுக்கும் வேர் இருக்கு. நெவாதிமைச் சுத்தி பெதுவின் அரபுக்காரங்க குடிசைங்க, அரசாங்கம் ஊருன்னே ஒத்துக்காத ஊருங்க, கரண்ட் லைன் கிடையாது. அம்மச்சிக்கு மாத்திரை எடுத்துக் குடுத்த மருந்துக்கடைப் பையன் ராஹத் ஊர் அரபுப் பையன், அம்மச்சி மேல அவ்வளவு பிரியம். காசாவுல செத்த குழந்தைங்க போட்டோவை உங்க பேப்பர்ல பாத்து நானும் சாப்பிடாம இருந்திருக்கேன். அதை மூடி மறைக்க இந்தக் கடிதம் இல்ல. ஒரு பாட்டி மழைக்கு நன்றி சொன்னாங்கன்னு சொல்றதால இன்னொரு பாட்டி இழந்த வீடு இல்லாமப் போயிடாது, ரெண்டும் உண்மை.

2018ல நான் ஊருக்கு வந்துட்டேன். 2021ல அம்மச்சி தவறிட்டாங்க. 2024 அக்டோபர் 1 ராத்திரி ஈரான் ஏவுகணை அந்த ஊர் பேர் வச்ச ஏர்பேஸ்ல விழுந்தப்ப நான் விடிய விடிய போனைக் கையில வச்சிட்டு உக்காந்திருந்தேன், காலைல அவங்க பொண்ணு நாங்க நல்லா இருக்கோம்னு மெசேஜ் போட்டப்புறம்தான் உயிர் வந்துச்சு.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஜூ டவுன் பத்தி எழுதுறப்ப நெவாதிமையும் எழுதுங்க, எருசலேம் பக்கம் இருக்கிற மெசிலாத் சியோன், தாவோஸ், அவியேசரையும் எழுதுங்க, மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியோட மர வேலை எல்லாம் எருசலேம் இஸ்ரேல் மியூசியத்துல அப்படியே வச்சிருக்கிறதையும் எழுதுங்க. மலையாளத்துல பாட்டு எழுதி வச்ச நோட்டுகளோட இன்னும் சில பாட்டிங்க அங்க இருக்காங்க, எல்லாருக்கும் எண்பதைத் தாண்டிருச்சு. அனுப்ப ஆள் இருந்தா சீக்கிரம் அனுப்புங்க, மலையாளம் தெரிஞ்ச ஆளா அனுப்புங்க, நீங்க கேக்காமலே பேசுவாங்க.

அம்மச்சி பொண்ணு வருஷா வருஷம் முதல் மழைக்கு எனக்கு வாட்ஸ்அப்புல வாய்ஸ் அனுப்புவாங்க. இந்தத் தடவை வந்தது பதினோரு செகண்டு. பேச்சு ஒண்ணும் இல்ல, தகரத்துல மழை விழுற சத்தம், பின்னாடி அவங்க பேரன் கேஷெம் கேஷெம்னு மழையைக் கூப்பிடுற சத்தம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
மார்த்தாண்டம், குமரி மாவட்டம்.